ஜெட்டி தாண்டாத பன்றி

எதை எழுதினாலும் மேலே முருகன் பேரைப் போட்டுத்தான் தொடங்குவேன். இந்தத் தாளிலும் போட்டேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி சரசு, "பன்றியப் பத்தி எழுதப் போறீங்க, மேல முருகனா? அடுக்குமா?" என்றாள். அழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்தப் பன்றியையும் அவன்தானே படைத்தான் என்று விட்டுவிட்டேன்.

எழுதத் தூண்டியது ஒரு போன். அந்தமானில், போர்ட் பிளேயர் மரைன் ஹில்லில் நான் வேலை பார்த்த கெஸ்ட் ஹவுசில் இப்போது அடுப்படி ரமேஷ் கையில் இருக்கிறது. போன வாரம் கூப்பிட்டான்.

"அண்ணே, இந்த வருஷம் கிறிஸ்மஸுக்குப் பன்றிக்கறி கிடையாதாம். டர்க்கியாம்."

"பண்ணிட்டுப் போடா. பொறுமையாப் பண்ணணும், அவ்வளவுதான்."

"அதில்லண்ணே. மெயின்லேண்டுலேர்ந்து ஐஸ்ல வருதாம். உருட்டிக் கட்டி, டப்பாவுல. எலும்பே இல்லியாம்."

"எலும்பு இல்லாமலா? அப்ப கால்?"

"கால் இல்லண்ணே."

கராச்சர்மாவில் எங்கள் வீட்டு வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரிய விருந்து நாளில், காலில்லாத, எங்கே வளர்ந்தது என்று யாருக்கும் தெரியாத ஒன்றை மேஜை நடுவில் வைக்கப் போகிறார்கள். ரமேஷுக்கு அது சமையல் சந்தேகம். எனக்கு வேறு ஒரு கிறிஸ்துமஸ் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பன்றியா, வான்கோழியா, எது ஒசத்தி என்று என்னைக் கேட்டால் பதில் வராது. இரண்டையும் என் கையால் ரோஸ்ட் செய்திருக்கிறேன். இரண்டையும் வாயில் வைத்ததில்லை.

நான் நிகோபாரின் கச்சால் தீவில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் பால் எடுத்தவர்கள். எங்கள் லயத்து வீடுகளில் கோழி, மீன் எல்லாம் உண்டு. பன்றி மட்டும் கிடையாது. எட்டாவதோடு படிப்பு நின்றது. கப்பலேறி போர்ட் பிளேயர் வந்து, கெஸ்ட் ஹவுசில் பாத்திரம் கழுவினேன், வெங்காயம் நறுக்கினேன், கல்யாணம் ஆனது, வள்ளி பிறந்தாள். கைக்குழந்தையிலேயே அவளுக்கு ஒரு காய்ச்சல். மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் கையை விரித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று முருகனிடம் சொன்னேன்: "பிள்ளையக் கொடு. இனி இந்த வாய் ஓர் உயிரையும் தொடாது." மறுநாள் அவள் பாலுக்கு அழுதாள். அன்றிலிருந்து தொடவில்லை.

வாயைப் பற்றித்தான் வாக்குக் கொடுத்தேன். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கை பிழைப்புக்கு வேண்டியிருந்தது. முருகனுக்கு அது தெரியாதா?

எங்கள் ஹெட் குக் பெயர் பவுலுஸ். தீவில் ராஞ்சிக்காரர் என்போம். தாத்தா காலத்தில் காட்டு வேலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். வீடு பாராடாங் தீவில். அங்கே அவர் மனைவி, நாங்கள் பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் மார்த்தா, பன்றி வளர்த்தார். பவுலுஸை நாங்கள் உஸ்தாத், குரு, என்றுதான் கூப்பிடுவோம். திட்டவே மாட்டார். தப்பு செய்தால் கரண்டியால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். சரியாகச் செய்தால் தட்டமாட்டார். அந்தத் தட்டு கேட்காமல் ஒரு நாள் போக வேண்டும் என்றுதான் பல வருஷம் வேலை செய்தேன்.

எனக்கு அவர் வைத்த பெயர் சாமி. என் திருநீற்றைப் பார்த்து வைத்தது. முதல் தடவை கிறிஸ்துமஸ் அடுப்பில் என்னை நிறுத்தியபோது, தோலோடு இருந்த முழுப் பன்றித் தொடையைக் காட்டி, "தொடுவியா சாமி?" என்றார்.

"தொடுவேன் உஸ்தாத். ருசி மட்டும் பாக்க மாட்டேன்."

சமையல்காரன் ருசி பார்க்க மாட்டேன் என்றால் வேறு யாராயிருந்தாலும் வெளியே அனுப்பியிருப்பார்கள். அவரோ, "டீக் ஹை, சரி. உன் நாக்கு நான்," என்றார். அன்றிலிருந்து என் அடுப்பில் வெந்த ஒவ்வொன்றையும் அவர்தான் ருசி பார்த்தார்.

பன்றி ரோஸ்டில் உயிர் தோலில் இருக்கிறது. முதலில் கொதிக்கிற தண்ணீரைத் தோல்மேல் ஊற்ற வேண்டும். உடனே துணியால் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். சவரக் கத்தி போன்ற கூர்மையில் கோடு கோடாகக் கீற வேண்டும். கொழுப்பு வரை போகலாம், சதைக்குப் போகக்கூடாது. போனால் சாறு மேலே வந்து தோல் செருப்பாகிவிடும். வினிகரும் உப்பும் தேய்த்து, காற்றில் தொங்கவிட்டு, பிறகு அடுப்பு. வெந்ததா என்று நான் காதால் பார்ப்பேன். விரல் முட்டியால் தட்டினால் அப்பளம் உடைகிற சத்தம் வர வேண்டும்.

பன்றி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். கொழுப்பு உருகி உள்ளே இறங்கும். வான்கோழிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மார்பு காய்ந்து பஞ்சாகும்போது தொடை இன்னும் பச்சையாக இருக்கும். அதனால் உப்பும் வெல்லமும் மிளகும் கரைத்த தண்ணீரில் பறவையை ஊறப்போட வேண்டும். தோலுக்கும் மார்புக்கும் நடுவே கையை விட்டு வெண்ணெயும் பூண்டும் பூச வேண்டும். மேலே வெண்ணெயில் நனைத்த மெல்லிய துணியைப் போர்த்தி அடுப்பில் வைக்க வேண்டும், காய்ச்சல் பிள்ளைக்கு ஈரத்துணி போடுகிற மாதிரி. தொடை மூட்டில் குத்தினால் சிவப்பில்லாத தெளிந்த சாறு வர வேண்டும்.

இந்த வான்கோழியைக் கொண்டுவந்தவர் மேனேஜர். கப்பல்களில் கேட்டரிங் பார்த்த சென்னைக்காரர். "பன்றியெல்லாம் ஊர்ல தெனம் திங்கிறதுய்யா பவுலுஸ். கிறிஸ்மஸ்னா டேபிள் நடுவுல டர்க்கி நிக்கணும்," என்பார். உஸ்தாத் அவர் முன்னால் தலையாட்டிவிட்டு என்னிடம், "யே முர்கா நஹீன் சாமி, இது கோழி இல்ல, கோழியோட பேய்," என்பார். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. கெஸ்ட்டுகளுக்கு வான்கோழி. அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, ஸ்டாஃப் குடும்பத்தோடு பின்னறையில் சாப்பிடும் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பாராடாங் பன்றி. இப்படியே பல வருஷம் சண்டையில்லாமல் ஓடியது.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் வந்த ஒரு கிறிஸ்துமஸ். உஸ்தாத்தின் மகன் அனில், நிகோபாரிப் பெண் ஒருத்தியைக் கட்ட ஆசைப்பட்டான். பெயர் ரூத், போர்ட் பிளேயரில் நர்ஸ். தங்கமான பெண். அவள் அப்பா கார் நிகோபார் தீவில் ஒரு ஊருக்குக் கேப்டன். அங்கே ஊர்த்தலைவரை அப்படித்தான் சொல்வார்கள். கண் ஆப்பரேஷனுக்காகப் போர்ட் பிளேயர் வந்திருந்தார். கிறிஸ்துமஸ் விருந்தில் வைத்துப் பெண் கேட்பது, புத்தாண்டுக்கு அவர் கப்பலேறுவதற்குள் பதில் வாங்குவது என்று ஏற்பாடு. அவர் வேண்டாம் என்றால் மீறமாட்டேன் என்று ரூத் அனிலிடம் முன்னமே சொல்லிவிட்டாள்.

அவள் ஒரு நாள் அடுப்படி வாசலில் நின்று தன் வீட்டு வழக்கத்தைச் சொன்னாள். தீவு ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அங்கிள், காசு குடுத்து வாங்குன கறிய வச்சுப் பொண்ணு கேட்டா அப்பா எந்திரிச்சுப் போயிடுவார். கேக்குற வீடு தன் கையால சோறு போட்டு வளத்த உயிரா இருக்கணும். வளத்தவங்க முதல் துண்டு தின்னணும். அப்புறம்தான் அப்பா தொடுவார். அவர் தொட்டுட்டா பொண்ணு குடுத்தாச்சுன்னு அர்த்தம்."

பாராடாங்கிலிருந்து வந்திருந்த மார்த்தா பாபி சிரித்தார். "முதல் துண்டா? நான் முதல் தட்டே தின்பேன் மகளே! இந்தப் பன்றிக்கு நான் போட்ட தேங்காய்க்கு ஒரு மருமக என்ன, ரெண்டு மருமக வரணும்."

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பன்றிகளுக்கு ஒரு காய்ச்சல் பரவுகிறது என்று பேச்சு வந்தது. பன்றி எதையும் ஓரிடம் விட்டு ஓரிடம் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். டவுனில் பன்றிக்கறிக் கடைகள் மூடிவிட்டன. உஸ்தாத் நம்பவில்லை. பாபியோடு ஊருக்குப் போய், பன்றியைக் குளிப்பாட்டி, ஒரு ஜீப்பில் ஏற்றி, படகு கிளம்பும் ஜெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டார். படகில் ஏற்ற விடவில்லை. "நல்லாத்தான் இருக்கு, தொட்டுப் பாருங்க சார்," என்று மன்றாடியிருக்கிறார். அங்கே நின்ற அதிகாரி தொடவும் இல்லை, விடவும் இல்லை. பன்றி வீட்டுக்குத் திரும்பியது. உஸ்தாத்தும் பாபியும் மட்டும் படகேறினார்கள்.

மறுநாள் காலை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அடுப்படியில் ஸ்டூலில் உட்கார்ந்து கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். தட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே கிடையாது. மேனேஜர் வந்தார். இதுதான் சமயம் என்று கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். "பின்னால ரெண்டு டர்க்கி நிக்குதே. ஒண்ணு நாளைக்கு கெஸ்ட்டுக்கு. நியூ இயருக்கு வச்சிருக்கறத நீ எடுத்துக்கய்யா," என்று சொல்லிவிட்டு, உஸ்தாத் நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

 புத்தாண்டுக்கு வைத்திருந்தது எது என்று எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் குஞ்சுகளாக வந்தவை அவை. உஸ்தாத் பக்கத்தில்கூடப் போகமாட்டார். அடுப்படிக்குப் பின்னால் ஸ்டாஃப் குவார்ட்டர்சில் குடியிருந்த நான்தான் துருவிய தேங்காய்ச் சக்கையும் சோறும் கீரைத் தண்டும் போட்டு வளர்த்தேன். அதில் ஒரு சேவலுக்கு ஒரு பழக்கம். விடிகாலையில் நான் முருகன் படத்துக்கு முன்னால் மணி அடித்தால், வெளியிலிருந்து களகளவென்று பதில் கொடுக்கும். நிறுத்தினால் நிறுத்தும். மறுபடி அடித்தால் மறுபடி. "உங்க பூசைக்கு ஆளு சேந்துருச்சு," என்பாள் சரசு. வாலை விரித்து நிற்கும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், மயில் ஞாபகம் வரும். அந்தச் சேவல்தான்.

எத்தனையோ உயிரை அறுத்துக் கழுவிய அடுப்படி அது. அன்று மட்டும், "உஸ்தாத், அத நீங்களே பண்ணிடுங்க. நான் கோவிலுக்குப் போய்ட்டு வந்துடறேன்," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார். கோவிலில் என்ன கும்பிட்டேன் என்று நினைவில்லை. திரும்பி வந்தபோது அது மேஜைமேல் சுத்தமாகக் கிடந்தது. தூக்கினேன். இலேசாக இருந்தது. உப்புத் தண்ணீரில் போட்டேன். மறுநாள் செய்ய வேண்டியதை ஒன்றுவிடாமல் செய்தேன். தொடையில் குத்தினேன், தெளிந்த சாறு வந்தது. உஸ்தாத் ஓரத்தில் ஒரு நறுக்கு எடுத்து ருசி பார்த்தார். கரண்டி தட்டவில்லை.

கெஸ்ட்டுகள் எழுந்த பிறகு பின்னறையில் பந்தி. கேப்டன் நடுவில். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. ஒரு பக்கம் ரூத், எதிரே அனில், பாபி. உஸ்தாத் நின்றுகொண்டிருந்தார். நான் தட்டத்தைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன்.

"பன்றி எங்கே?" என்றார் கேப்டன்.

உஸ்தாத் ஜெட்டிக் கதையைச் சொன்னார். கேப்டன் குறுக்கே பேசாமல் கேட்டார். "நோய்ப் பயம் எங்க ஊர்லயும் இருக்கு. உன் மேல தப்பில்ல. ஆனா இது ஏது? இத வளத்தது கடையா, வீடா?"

உஸ்தாத் பொய் சொல்லியிருக்கலாம். பாபிகூட வாயைத் திறந்தார். ஆனால் உஸ்தாத், "எங்க வீடு வளக்கல," என்றார்.

கேப்டன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அந்தச் சத்தத்தில் ரூத் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

"நான் வளத்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீ யாரு இவங்களுக்கு?"

யார் என்று நான் சொல்வது? கூட வேலை செய்கிறவன். திருநீறு பூசினவன். அதற்குள் உஸ்தாத் சொன்னார்: "மேரா பாய். என் தம்பி."

அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் என்னை அப்படிச் சொன்னதில்லை.

கேப்டன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி வீடும் வீடுதான்." கத்தியை எடுத்தார். தொடையிலிருந்து ஒரு துண்டு அறுத்து, இலைக் கிண்ணத்தில் வைத்து, என் பக்கம் நீட்டினார். "வளத்தவன் முதல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரூத் சொன்ன வழக்கத்தில் முதல் பாதிதான் என் மண்டையில் இருந்திருக்கிறது. வளர்த்தவன் நான் என்றால், தின்ன வேண்டியவனும் நான்.

 வள்ளி கண்முன் வந்தாள். அப்போது அவள் சென்னையில் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைக்குத் தாய். ஆனால் வந்தது அந்த வள்ளி இல்லை. ஆஸ்பத்திரித் தொட்டிலில் கிடந்தவள். எதிரே அனில் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கக்கூடாது என்று தன்னை அடக்கிக்கொண்டு அவன் தலைகுனிந்திருந்தது கேட்பதைவிடக் கொடுமையாக இருந்தது. என் கை நீண்டது. ஆமாம், நீண்டது. விரல் கிண்ணத்தைத் தொட்டது.

மேஜையில் கரண்டி ஒரு தட்டு தட்டியது.

"நஹீன் சாமி. கையை எடு." உஸ்தாத் கேப்டனைப் பார்த்தார். "இவன் பொண்ணு உயிருக்காக விரதம். வாயில படாது. இவன் சமைக்கிறதெல்லாம் நான்தான் ருசி பாப்பேன். இவன் நாக்கு நான். குடுங்க, நான் தின்றேன்."

"நாக்கை இரவல் வாங்க முடியாது," என்றார் கேப்டன்.

"அப்படின்னா விடுங்க," என்றார் உஸ்தாத்.  "என் மகனுக்குக் கல்யாணம் ஆகலன்னா அவன் அழுவான், எந்திரிச்சிடுவான். இவன் பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆனா, நான் எந்த மூஞ்சியோட நாளைக்கு அடுப்படிக்கு வருவேன்?"

பாபி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சாமி என்று கூப்பிட்டு என் திருநீற்றைக் கேலி செய்த உஸ்தாத், ஏசுவைத் தவிர யாரையும் கும்பிடாத அந்த மனுஷர், நான் முருகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் தன் மகன் ஆசையைத் தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டார்.  

கேப்டன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஆப்பரேஷன் செய்த கண் சிவந்து நீர் வழிந்தது. ரூத் நர்சாகி, "அப்பா, கழட்டக் கூடாது," என்று பதறினாள். அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பொண்ணுக்காகவா?"

"ஆமா கேப்டன்."

"எத்தனை வருஷமா?"

"அவ கைக்குழந்தைலேர்ந்து."

கிண்ணத்தைப் பார்த்தார். "நானும் பொண்ணுக்காகத்தான் இப்படி உட்காந்து கேட்டுட்டு இருக்கேன்," என்றார். பிறகு, "நீ உன்னோடத வச்சுக்க. நான் என்னோடத ஒரு தடவை விடறேன்," என்று சொல்லிவிட்டு, எனக்கு நீட்டிய துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

மெதுவாக, ரொம்ப நேரம் மென்றார்.  விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இது பன்றி இல்ல."

முதலில் சிரித்தது பாபி. அப்புறம் அறை முழுக்கச் சிரிப்பு. அனில் எழுந்து என் காலில் விழப் போக, நான் அவனை உஸ்தாத் பக்கம் திருப்பிவிட்டேன்.

பன்றிக் கணக்கு தீரவில்லை என்று கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினார். நோய்ப் பேச்சு ஓய்ந்த பிறகு, பன்றி ஜெட்டி தாண்டி வர வேண்டாம், நானே தாண்டுகிறேன் என்று சொந்தங்களோடு பாராடாங்குக்கே போனார். கல்யாணம் அங்கே நடந்தது. ரோஸ்ட் செய்தது நான்தான். தோலைத் தட்டினேன், அப்பளம் உடைந்தது. முதல் துண்டைப் பாபி தின்றார். சொன்னபடியே, முதல் தட்டையும்.

ரமேஷுக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. டப்பா டர்க்கியை எப்படி ரோஸ்ட் செய்வது என்று ஏதோ ஒரு வழி சொல்லிக் கொடுத்துவிடுவேன். அதை வளர்த்தது யார் என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. அது அவர்களுக்கு நல்லதுதான் என்றுகூடத் தோன்றுகிறது.

ஏனென்றால் கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் காலையை இன்னும் எழுதவில்லை. வழக்கம்போலக் குளித்து, விளக்கேற்றி, என் வாயையும் என் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடுத்ததற்கு முருகனுக்கு நன்றி சொல்ல மணியை எடுத்து அடித்தேன். அடித்துவிட்டு, பழக்கத்தில் நிறுத்தி, வெளியிலிருந்து வரும் பதிலுக்குக் காத்திருந்தேன். வெளியே காக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. சரசு அடுப்பங்கரையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். மறுபடி அடிக்க எனக்குக் கை வரவில்லை.